காலாலும் கால்வாயாலும் ஆம்ஸ்டர்டாம்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் நம்மவர்களில் பெரும்பாலோர், பத்து நாளில் எட்டு நகரங்கள் என்று கணக்கிட்டுக்கொண்டு கிளம்புவதால், நெதர்லாந்தின் தலைநகரமாகிய ஆம்ஸ்டர்டாமுக்கு அவர்கள் ஒதுக்கும் அவகாசம் ஒரே ஒரு பகல்தான். அந்தப் பகலும், ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் எதிர்ப்பட்ட முதல் படகில் ஏறி, ஒரு மணி நேரம் கண்ணாடிச் சுவருக்குப் பின்னே அமர்ந்து, எது யாருடைய மாளிகை, எது எதற்காகக் கட்டப்பட்ட கோபுரம் என்று தெரியாமலே புகைப்படம் எடுத்துக்கொண்டு இறங்குவதில் பாதி கழிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பகல் போதாது என்று நான் சொல்லமாட்டேன். சேறும் சதுப்புமான நிலத்தின்மேல் ஒரு மாநகரம் எப்படி எழுந்தது, எழுந்தபின் எப்படி இத்தனை நூற்றாண்டுகள் நின்றது என்ற ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த நாளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக் கொள்பவருக்கு ஒரு பகலில் அந்நகரம் தன் பூர்வ கதை முழுவதையும் சொல்லிவிடும்.

முதலில் நடை, அடுத்து படகு, அதன் பின்னர் அருங்காட்சியகம் என்பது நான் சிபாரிசு செய்யும் வரிசை. நடந்து பார்க்கும்போது வீடுகளின் லட்சணங்கள் மனத்தில் பதிகின்றன. படகில் போகும்போது அதே வீடுகளை, அவற்றைக் கட்டியவர்கள் எந்தத் திசையிலிருந்து பார்க்கவேண்டுமென்று விரும்பினார்களோ அந்தத் திசையிலிருந்து, அதாவது தண்ணீரிலிருந்து பார்க்கிறோம். அருங்காட்சியகத்தில் அவ்வீடுகளில் வாழ்ந்த மனிதர்களின் முகங்களையே சந்திக்கிறோம். இந்த வரிசை மாறினால் குற்றமில்லை. ஆனால் நடைக்கு முன்னே படகில் ஏறுகிறவருக்கு, எழுத்தறியாதவர் கையில் புத்தகம் கிடைத்ததுபோல், பார்த்ததில் பாதி பயன்படாமற் போகும்.

புறப்படுமுன்

ஊரிலிருக்கும்போதே செய்து முடிக்கவேண்டிய காரியங்கள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது, யூத வம்சத்தில் பிறந்த சிறுமி ஆன் ஃபிராங்க் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்து தன் நாட்குறிப்பை எழுதிய வீட்டுக்கான அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டு வாசலில் விற்கப்படுவதில்லை. இணையத்தில் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரங்களுக்குப் பிந்தைய தேதிகளுக்கு உரிய சீட்டுகள் வெளியிடப்பட்டு, வெகு சீக்கிரம் தீர்ந்தும்விடுகின்றன. ஆகையால் விமானச் சீட்டு வாங்கிய கையோடு இந்தத் தேதியையும் குறித்து வைத்துக்கொள்வது விவேகம். அடுத்தது, ரைக்ஸ்மியூசியம் என்னும் தேசிய அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த சீட்டு. படகுச் சவாரிக்குச் சாதாரண நாட்களில் துறையிலேயே இடம் கிடைக்கும். கோடைக்கால மாலைகளில் மட்டும் முன்பதிவு செய்துகொள்வது நலம்.

எந்தப் பருவத்தில் போவது என்பதும் யோசிக்கவேண்டிய விஷயமே. ஜூன் மாதத்தில் சூரியன் அஸ்தமிக்க இரவு பத்து மணி ஆகிவிடும். டிசம்பரிலோ மாலை நாலரைக்கே இருட்டிவிடும். அதாவது ஒரே ஒரு பகல் என்பது கோடையில் பதினாறு மணி நேரமாகவும் குளிர்காலத்தில் அதில் பாதியாகவும் இருக்கிறது. வசந்தத்தில், கால்வாய்க் கரைகளில் வரிசை வரிசையாக நிற்கும் எல்ம் மரங்கள் தங்கள் மெல்லிய வட்ட விதைகளை உதிர்க்கும்போது, தெருவோரமெல்லாம் பனி பெய்து கிடப்பதுபோல் தோன்றும். ஏப்ரல் 27-ஆம் தேதி அரசரின் பிறந்தநாள் கொண்டாட்டம். அன்று கால்வாய்களெல்லாம் ஆரஞ்சு வண்ண உடை தரித்த கூட்டத்தால் நிரம்பி வழியும். திருவிழா பார்க்க விரும்புவோருக்கு அது உகந்த நாள். ஊரைப் பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு அவசியம். வடகடலிலிருந்து வீசும் காற்றில் குடை நிற்காது.

ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலில் இருபது நிமிஷத்துக்குள் வந்துவிடலாம். டிராம் வண்டிகளில் வங்கி அட்டையையே ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியில் காட்டிப் பயணம் செய்யலாம். பணத்தாளை வாங்க மறுக்கும் கடைகளும் அங்கே உண்டாகையால் அட்டை இல்லாமல் வெளியே செல்வது சிரமம் தரும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு: செந்நிறத் தளம் பாவிய பாதைகள் சைக்கிள்களுக்கு உரியவை. பள்ளிச் சிறுவர் முதல் முதியோர் வரை அவ்வூர்வாசிகள் அவற்றில் வெகு வேகமாக வருவார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அப்பாதையில் கால் வைப்பது ஆபத்து.

அணையிலிருந்து ஆரம்பம்

காலை எட்டு மணிக்கு, கடைகள் திறப்பதற்கும் கூட்டம் சேர்வதற்கும் முன்னரே, டாம் சதுக்கத்துக்குப் போய்விட வேண்டும். ஆம்ஸ்டல் என்னும் ஆற்றின் குறுக்கே 13-ஆம் நூற்றாண்டில் மண்ணைக் கொட்டி ஓர் அணை கட்டினார்களே, அந்த இடம் இதுதான். அணையருகே வசித்த மக்களுக்கு 1275-ஆம் ஆண்டில் ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃபுளோரிஸ் சுங்கவரி விலக்கு அளித்த சாசனமே இந்த ஊரின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய ஆவணம். அதன் 750-ஆம் ஆண்டு நிறைவை 2025-இல் நகரத்தார் விமரிசையாகக் கொண்டாடினார்கள்.

சதுக்கத்தின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அரண்மனை, அரசர்களுக்காகக் கட்டப்பட்டதன்று. 1648-இல் அஸ்திவாரம் தொடங்கி 1655-இல் திறந்துவைக்கப்பட்ட அந்தக் கட்டிடம், யாகோப் வான் காம்பன் என்னும் கட்டிடக் கலைஞரின் திட்டத்தில் எழுந்த நகரசபை மண்டபம். நெப்போலியனின் சகோதரர் லூயி 1808-இல் அதைத் தம் அரண்மனையாக்கிக் கொண்டார். உள்ளே பெருமண்டபத்தின் சலவைக்கல் தரையில் பூமண்டலத்தின் இரு பாதிகளையும் வரைபடமாகப் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நடக்கிற வியாபாரி, சமுத்திரங்களைக் காலால் அளந்துகொண்டே தன் வழக்குக்கும் கணக்குக்கும் போவான். அக்காலத்து ஆம்ஸ்டர்டாம் தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

ஆனால் அந்த மண்டபத்தின் உண்மையான அதிசயம் தரைக்குக் கீழே இருக்கிறது. அவ்வளவு பெரிய கற்கட்டிடம் 13,659 மரக்கம்பங்களின்மேல் நிற்கிறது. மேலே சதுப்பும் களிமண்ணுமாக இருக்கும் அந்நிலத்தில் சுமார் 12 மீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் கெட்டியான மணற்படுகை தென்படும். அதுவரை நீண்ட மரங்களை இறக்கி, அவற்றின் தலைமேல் கட்டிடத்தை வைத்தார்கள். முப்பது நாற்பது ஆட்கள் சுற்றி நின்று கயிறுகளைப் பிடித்து, பாட்டுப் பாடித் தாளம் தவறாமல் ஒரு பெரும் பாரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டு, ஒவ்வொரு கம்பத்தையும் அறைந்து இறக்கினார்கள். இவ்வாறு இறங்கிய மரம் நிலத்தடி நீரில் எப்போதும் மூழ்கியிருக்கும்வரை உளுப்பதில்லை. நீர் தாழ்ந்து காற்று பட்டால் பூஞ்சணம் பிடித்துக் கரைந்துபோகும். ஆகவே கால்வாய் நீரும் அதைச் சார்ந்த நிலத்தடி நீரும் ஒரே மட்டத்தில் நிற்பது, அந்நகரத்து வீடுகளுக்கு உயிர்நிலையான விஷயம். அழகுக்காக அமைந்தவைபோல் தோன்றும் கால்வாய்கள், வீடுகளின் வேரை நனைத்துக் காப்பவை என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் அன்று முழுவதும் காண்பவை எல்லாவற்றுக்கும் அர்த்தம் விளங்கும்.

வீடுகளின் முகங்கள்

டாம் சதுக்கத்திலிருந்து மேற்கே சில நிமிஷம் நடந்தால் சிங்கெல் கால்வாய் வருகிறது. அது மத்திய காலத்து நகரின் அகழி. 1585-இல் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியர் வசம் வீழ்ந்தபின் அங்கிருந்து வணிகரும் கைவினைஞரும் இங்கே வந்து குவியவே, ஊர் அகழிக்குள் அடங்காமல் பிதுங்கியது. 1613-ஆம் ஆண்டில் நகரசபையார் பெரியதொரு விஸ்தரிப்புக்குத் திட்டமிட்டு, சிங்கெலுக்கு வெளியே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கால்வாய்களை வெட்டத் தொடங்கினார்கள். நகரப் பிரமுகர்களுக்கு ஹேரன்கிராக்ட், பேரரசர் மாக்ஸிமிலியனின் நினைவாகக் கைஸர்கிராக்ட், இளவரசர் பெயரால் பிரின்ஸன்கிராக்ட் என்று அவை அமைந்தன. 1660-களுக்குள் இவ்வளையங்கள் ஆம்ஸ்டல் ஆற்றை எட்டிவிட்டன. வெட்டிய மண்ணைக்கொண்டே கரையை உயர்த்தி, நிலத்தை மனைகளாகப் பிரித்து ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தைக்கொண்டே மேலும் வெட்டிய அந்த நிர்வாகத் திறமையின் விளைவான கால்வாய் வளையங்களை யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

இந்த மூன்று கால்வாய்களுக்கும் குறுக்கே செல்லும் சிறு தெருக்களில் நடப்பதுதான் வீடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வழி. நீர்முகப்பு விலையுயர்ந்தது; ஆகையால் வீடுகள் ஒடுங்கியும், பின்னோக்கி நீண்டும், மேல்நோக்கி உயர்ந்தும் இருக்கின்றன. கூரையின் முக்கோணத்தை மறைக்கும் செங்கல் முகப்பு சிலவற்றில் படிப்படியாக ஏறும். சிலவற்றில் கழுத்துப்போல் நடுவே நிமிர்ந்து நிற்கும். சிலவற்றில் கவிழ்த்த மணிபோல் வளைந்திருக்கும். படி முகப்பு பெரும்பாலும் முந்தியது, மணி முகப்பு பிந்தியது என்று அறிந்துகொண்டால் வீட்டின் வயதை ஓரளவு ஊகிக்கலாம்.

ஏதேனும் ஒரு பழைய வீட்டின் எதிரே, கால்வாயின் அக்கரையில் நின்று, ஐந்து நிமிஷம் அமைதியாக அதைக் கவனித்துப் பாருங்கள். உச்சியில் ஓர் உத்தரம் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் இரும்புக் கொக்கி. வீட்டின் முன்சுவர் செங்குத்தாக இல்லாமல் தெருப்பக்கம் சற்றே சாய்ந்திருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். சுவர் பழுதாகிச் சாய்ந்ததன்று அது. வேண்டுமென்றே அவ்வாறு கட்டினார்கள். படகில் வந்த மிளகு மூட்டையையும் துணிப் பேழையையும் கப்பியும் கயிறும் கொண்டு மேல்மாடச் சரக்கறைக்கு ஏற்றும்போது, அவை சன்னல்களில் மோதாமல் தொங்கி வருவதற்கு அந்தச் சாய்வு உதவியது. மாடிப்படிகள் மிகக் குறுகலாகையால் இன்றைக்கும் அவ்வூரில் வீடு மாற்றுகிறவர்கள் கட்டிலையும் அலமாரியையும் அந்தக் கொக்கியில் கயிறு மாட்டித்தான் சன்னல் வழியே ஏற்றுகிறார்கள். வாசலுக்கு மேலே சில வீடுகளில் மீன், கப்பல், பறவை என்று வண்ணம் தீட்டிய சிறு சிற்பக் கல் ஒன்று பதிந்திருக்கும். கதவிலக்கம் எழுதும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரும்வரை அந்தக் கல்லே வீட்டின் விலாசமாக விளங்கியது.

பிரின்ஸன்கிராக்டைத் தாண்டினால் யோர்டான் பேட்டை. கால்வாய் வெட்டிய கூலியாட்களும் தோல் பதனிடுவோரும் நெசவாளரும் குடியேறிய பகுதி அது. பணக்காரர் வட்டாரத்தில் பூமியைப் புதிதாக அளந்து திட்டமிட்டவர்கள், ஏழைகளின் பகுதியில் செலவைச் சுருக்கி, பழைய வயல் வாய்க்கால்களின் வழியே தெருக்களை விட்டுவிட்டார்கள். அதனால்தான் அங்கே தெருக்கள் பிரதான கால்வாய்களுக்குக் கோணலாக ஓடுகின்றன. ஒரு நகரத்தின் வரைபடத்தில் அதன் சமூக ஏற்றத்தாழ்வு இவ்வளவு தெளிவாகப் பதிந்திருப்பது அபூர்வம்.

நண்பகலில்

பிரின்ஸன்கிராக்டின் ஓரத்தில் 1631-இல் கட்டி முடிந்த வெஸ்டர்கெர்க் என்னும் தேவாலயம் நிற்கிறது. ஓவியர் ரெம்பிராண்ட் 1669-இல் வறுமையில் இறந்து, அடையாளக்கல் இல்லாமல் அடக்கமானது இங்கேதான். அதன் கோபுர மணியோசை எட்டும் தூரத்தில், 263-ஆம் எண்ணுள்ள கட்டிடத்தின் பின்பகுதியில், ஆன் ஃபிராங்கும் அவள் குடும்பத்தாரும் வேறு நால்வரும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்டு 4 வரை, பகலில் காலடி ஓசையும் கேட்காமல் இருக்கவேண்டிய அந்த அறைகளில், எட்டுப் பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் போருக்குப்பின் உயிரோடு திரும்பியவர் தந்தை ஓட்டோ ஒருவரே. மகளின் நாட்குறிப்பை 1947-இல் அவர் வெளிவரச் செய்தார்.

இந்த வீட்டை வேடிக்கை பார்க்கும் இடமாக எண்ணி இரண்டு காட்சிகளுக்கு இடையே செருகிவிடக்கூடாது. உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை; படிகள் செங்குத்தானவை; மேசை நாற்காலிகளற்ற வெற்று அறைகளே அங்கே காட்சி. வெளியே வந்தபின் சற்று நேரம் பேச்சு வராது. ஆதலால் சீட்டு எந்த வேளைக்குக் கிடைத்தாலும், அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தை எந்த வேலையும் இல்லாமல் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மாலைச் சீட்டு கிடைத்தால் மிகவும் உத்தமம்; நாளின் கடைசி நிகழ்ச்சியாக அது அமையும்.

பகலுணவுக்குச் சைவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி எங்கும் கிடைக்கும். அதைவிட நம் நாவுக்கு இசைந்தது, உருளைக்கிழங்கும் காராமணிக்காயும் மசாலாவில் வெந்து, மெல்லிய ரொட்டியோடு வரும் சுரிநாம் உணவு. 1873 முதல் இந்தியாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் டச்சுக் குடியேற்றமான சுரிநாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார், 1975-இல் அந்நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் பெருந்தொகையாக நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நடத்தும் சிறு உணவுக்கடைகளில் மூன்று கண்டங்களின் சரித்திரம் ஒரே தட்டில் பரிமாறப்படுகிறது.

படகில்

சாப்பாடு முடிந்து, ஒரு மணி சுமாருக்குப் படகேறலாம். மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரேயும், ஆன் ஃபிராங்க் வீட்டருகேயும், ரைக்ஸ்மியூசியத்தின் முன்னும் படகுத்துறைகள் உள்ளன. இருவகைப் படகுகள் உண்டு. கண்ணாடிக் கூரை வேய்ந்த நீண்ட பெரிய படகில் மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பு உண்டு. பல மொழிகளில் விளக்கமும் காதுக்கருவி வழியே கேட்கலாம். பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் திறந்த சிறு படகில், படகோட்டியே பேசிக்கொண்டு வருவார், கேள்வி கேட்கலாம், குறுகிய கால்வாய்களிலும் நுழையலாம். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் முன்னது. வானம் தெளிந்திருந்தால் பின்னது. பெரிய படகானால், பின்கோடியில் கூரையற்ற இருக்கைகள் இருக்கின்றனவா என்று பார்த்து ஏறுவது நல்லது. ஒரு மணி நேரச் சவாரியே போதுமானது.

படகு புறப்பட்டதும் நம் கண் நீர்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. காலையில் தெருவிலிருந்து பார்த்த வீடுகள் இப்போது இரு மடங்கு உயர்ந்து தோன்றுகின்றன. கரைச்சுவரின் செங்கற்களையும், படகு கட்டும் இரும்பு வளையங்களையும், சுவரைத் துருத்திக்கொண்டு வரும் எல்ம் மர வேர்களையும் கைநீட்டும் தொலைவில் காணலாம். பாலத்தின் வளைவுக்குள் படகு நுழையும்போது திடீரென்று நிழலும் ஈரவாடையும் சூழ்ந்து, மறுகணம் வெளிச்சம் திரும்புகிறது. பூச்சட்டிகள் வைத்த படகு வீடுகள் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன. அவற்றில் மக்கள் நிரந்தரமாகவே குடித்தனம் நடத்துகிறார்கள்.

படகுகளின் பாதை கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் சில இடங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் வரும். ஹேரன்கிராக்டில் ‘பொன் வளைவு’ என்னும் பகுதி ஒன்று. இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்கி, மணற்கல் முகப்பு வைத்துக் கட்டிய மாளிகைகள் அங்கே நிற்கின்றன. அவற்றுள் 502-ஆம் எண்ணுள்ள மாளிகை இப்போது நகரத் தலைவரின் அதிகாரபூர்வ இல்லம். 1672-ஐ ஒட்டி அதைக் கட்டியவர் அடிமை வியாபாரம் நடத்திய மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர் என்பதை வாசலருகே பதித்த நினைவுக்கல் மறைக்காமல் சொல்கிறது. ரெகுலியர்ஸ்கிராக்ட் என்னும் கிளைக் கால்வாய் வந்து சேரும் மூலையில் படகு சற்றே நிதானிக்கும். அங்கிருந்து நேர்க்கோட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பாலங்களின் வளைவுகள் தெரியும். பிறகு ஆம்ஸ்டல் ஆற்றின் அகன்ற நீர்ப்பரப்பு. அதன்மேல் வெள்ளை வண்ணம் பூசிய ‘மாஹெரெ’ தூக்குப்பாலம். நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலெழும் அந்த மரப்பாலத்தின் இப்போதைய வடிவம் 1934-இல் அமைந்தது.

இத்தனை நீரும் எப்படி ஒரே மட்டத்தில் நிற்கிறது? ஒரு காலத்தில் கடலின் ஏற்றவற்றம் ஊருக்குள்ளேயே வந்து போயிற்று. நகரத் தலைவராக இருந்த கணித விற்பன்னர் யோஹன்னஸ் ஹுடே, 1680-களில் நீர்மட்டத்தை அளந்து, மதகுகளில் அளவுக் கற்களைப் பதிக்கச் செய்தார். அந்த அளவிலிருந்து வளர்ந்ததே ‘நார்மால் ஆம்ஸ்டர்டாம்ஸ் பெய்ல்’ என்னும் நிலமட்டக் கணக்கு. ஐரோப்பாவின் பல நாடுகள் உயரத்தை இன்றும் அதைக்கொண்டே கணக்கிடுகின்றன. கால்வாய் நீர் அந்த மட்டத்துக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வாரத்தில் சில இரவுகள் மதகுகளை மூடி, கிழக்கே ஏரியிலிருந்து புதுநீரை இறைத்து உள்ளே விட்டு, பழைய நீரை வெளியே தள்ளுகிறார்கள். வாட்டர்லோ சதுக்கத்து நகரமன்றக் கட்டிடம் திறந்திருக்கும் வேளையில், உள்ளே வெண்கலக் குமிழ் ஒன்று பதித்துக் குறித்திருக்கும் அந்தப் பூஜ்ய மட்டத்தைப் பார்க்கலாம். பக்கத்திலே கண்ணாடிக் குழாய்களில் கடலின் அப்போதைய மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மற்றொரு குழாய், 1953-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் எட்டிய உயரத்தில், நம் தலைக்கு மிக மேலே நிற்கும்.

முகங்களைச் சந்தித்தல்

இரண்டரை மணிக்கு ரைக்ஸ்மியூசியம். மாலை ஐந்து மணிக்கு அது மூடிவிடும். ஆகையால் எல்லாக் கூடங்களையும் ஓடியோடிப் பார்க்கும் ஆசையை விட்டு, இரண்டாம் மாடியில் 17-ஆம் நூற்றாண்டுக்கு உரிய பகுதியில் மட்டும் நின்று நிதானித்துப் பார்ப்பதே உசிதம். ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய ‘இராக் காவல்’ என்னும் பிரம்மாண்டமான ஓவியத்தின் நடுவே, கறுப்பு அங்கியும் சிவப்புப் பட்டையும் அணிந்து கைநீட்டி ஆணையிடுபவர் ஃபிரான்ஸ் பானிங் கோக். அவருடைய வீடு காலையில் நாம் கடந்த சிங்கெல் கால்வாய்க் கரையில் இன்றும் இருக்கிறது. வெர்மீயரின் பால் ஊற்றும் பணிப்பெண்ணையும் தவறவிடக்கூடாது. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் சீமாட்டி 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்வித்த பொம்மை வீட்டில், பட்டுத் திரையும் பீங்கான் பாத்திரமும் சமையலறைச் செம்பும் அணுவளவும் பிசகாமல் சிறு உருவில் அமைந்திருப்பதைப் பார்த்தால், படகிலிருந்து வெளிப்புறமாக மட்டும் கண்ட கால்வாய் வீடுகளின் உட்புறம் தெரிந்துவிடும்.

இந்தச் செல்வமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் தமிழர் ஒருவர் அங்கிருந்து வெளியே வருவது சரியன்று. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மிகப் பெரிய பங்கு ஆம்ஸ்டர்டாமுடையது. அங்கே மூன்று கால்வாய்களுக்கு மண்வெட்டி விழுந்த அதே 1613-ஆம் ஆண்டில், நம் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர்கள் நெய்த துணியைக் கொடுத்துத்தான், டச்சுக்காரர்கள் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணி மட்டுமா போயிற்று? இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் விலைக்கு வாங்கி, அத்தீவுகளில் தங்கள் தலைமைத் துறைமுகமாகிய பட்டாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658-இல் அவர்கள் வசமாயின. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பால்டேயஸ் பாதிரியார், தமிழ் எழுத்துக்களையும் நம்மவர் வாழ்க்கையையும் விவரித்து எழுதிய பெருநூல் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில்தான் அச்சாயிற்று. கொக்கியில் தொங்கி மேலேறிய துணிப் பேழைகளில் நம்மவர் கை நெய்ததும் இருந்தது என்ற நினைவோடு அந்த வீடுகளைப் பார்ப்பதில் கசப்பும் உண்டு, உரிமையும் உண்டு. அடிமை முறையில் நகரம் கொண்டிருந்த பங்குக்காக, 2021 ஜூலை 1-ஆம் தேதி நகரத் தலைவர் ஃபெம்கெ ஹால்சமா பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

விருந்தினர் அறியவேண்டியது

இந்தக் கால்வாய்கள் தாமாகவே நிலைத்திருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பல கால்வாய்களைத் தூர்த்து வீதிகளாக்கினார்கள். யோர்டானில் அகன்ற தெருக்களாக இன்று தென்படுபவற்றில் சில அப்படித் தூர்ந்தவையே. 1954-இல் நகரின் போலீஸ் தலைவர் காஸ்யாகர், மோட்டார் வண்டிகளின் நெரிசலைத் தீர்க்க மேலும் பல கால்வாய்களை மூடிச் சாலையிடலாம் என்று ஒரு திட்டம் கொடுத்தார். குடிமக்கள் கொதித்தெழுந்து எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் அன்று வாளாவிருந்திருந்தால், இன்று நாம் படகு விடும் நீர்ப்பாதைகளில் பல கார்கள் ஓடும் சாலைகளாகியிருக்கும். காக்கும் வேலை இன்னமும் முடிந்தபாடில்லை. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வல் என்னுமிடத்தில் கரைச்சுவர் ஒன்று இடிந்து கால்வாயில் சரிந்தது. குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும் கட்டிய பழஞ்சுவர்களின்மேல் பிற்காலத்தில் லாரிகளின் பாரமும் ஏறியது. சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரைச்சுவர்களைப் பரிசோதித்துச் சீர்செய்யும் பணி நடந்து வருகிறது. தங்கும் விடுதிக் கட்டணத்தில் 2024 முதல் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் நகரசபை வசூலிக்கும் வரியைக் கண்டு முகம் சுளிக்கும் யாத்ரிகர்கள், தாம் காண வந்தது எத்தகைய ஓயாத உழைப்பால் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கால்வாய்க் கரையில் நாம் படம் பிடிக்கும் ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் வசிக்கிறது. அவர்களுடைய வாசற்படியில் அமர்ந்து உண்பதையும், இரவில் திறந்த படகில் கூச்சலிடுவதையும் அவ்வூரார் மிகவும் வெறுக்கிறார்கள், வெறுப்பது நியாயமே. ஒரு பகலே தங்குகிறவர்களும் விருந்தினர்கள்தாம். விருந்தினருக்கு உரிய மரியாதை நமக்குக் கிடைக்கவேண்டுமானால், விருந்தினருக்கு உரிய அடக்கமும் நம்மிடம் இருக்கவேண்டும்.

ஆகவே, திட்டமிடுவோர் செய்யவேண்டியது இவ்வளவே: ஆன் ஃபிராங்க் வீட்டுக்கும் ரைக்ஸ்மியூசியத்துக்கும் சீட்டை முதலில் வாங்குங்கள், காலை முழுவதையும் நடைக்கு ஒதுக்குங்கள், வீட்டைப் படிக்கத் தெரிந்தபின் படகேறுங்கள், மற்றவற்றை அடுத்த முறைக்கு விடுங்கள். துலிப் தோட்டங்களும் காற்றாலைகளும் வான்கோவின் ஓவியங்களும் விட்டுப்போயினவே என்ற ஏக்கம் வேண்டாம். சேற்றில் மரம் நட்டு, மரத்தின்மேல் வீடு வைத்து, வீட்டைக் காக்க நீரை அளந்து நிறுத்திய ஒரு ஜனசமூகத்தின் காரியத்தை அடி முதல் முடி வரை ஒரே நாளில் புரிந்துகொண்டு திரும்புவது, எட்டு நகரங்களின் பெயரைச் சொல்லிக்கொள்வதைவிடப் பன்மடங்கு மேலான லாபம்.